பரணில் தளும்பிய சத்தம்

ரவை சிவந்துவிடக் கூடாது. கேசரிக்கு வறுக்கிற ரவை நிறம் மாறாமல் மணத்தை மட்டும் விட வேண்டும். அதற்குக் கை நிற்காமல் ஓட வேண்டும், தீ ஒரே சீராக எரிய வேண்டும். கை ஓடுகிறது. தீதான் சரியில்லை. நீலமாக எரிய வேண்டியது இடையிடையே சிவந்து, நாக்கை நீட்டி, சட்டியின் அடியில் கரியை அப்புகிறது. கேஸ் தீரப் போகிறது. நேற்றே கண்டேன். கண்டும், இன்னும் இரண்டு நாள் வரும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எனக்கே சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரி. முன்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. இலஞ்சி மதினியின் குரல் மேலே மிதக்கிறது, மற்றக் குரல்கள் அதற்கு அடியில் கிடக்கின்றன. அவள் குழலுவின் மாமியார். குழலு என் மூத்த மகள். குழல்வாய்மொழி என்று குற்றாலத்து அம்மனின் பெயரை வைத்தோம். வாய்க்கு நீளம் என்று ஊரே சேர்ந்து குறுக்கிவிட்டது. போன ஐப்பசியில் செத்துப்போனாள். ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள். இந்த இரண்டையும் நான் சேர்த்தேதான் நினைப்பேன்; முதலாவதைத் தனியாக விட்டால் அது என்ன செய்யும் என்று தெரியாது. வருஷத் திவசம் கழிந்து, கார்த்திகை பிறந்து, இதோ சம்பந்தி வீட்டார் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். மருமகன் நெல்லைநாயகத்துக்கே எங்கள் இளையவளைக் கொடுக்க வேண்டுமாம். உறவு விட்டுப்போகக் கூடாதாம். பூவும் பழமும் வெற்றிலையுமாக ஒரு தாம்பாளத்தைக் கையோடு கொண்டுவந்து முன்கட்டின் நடுவில் வைத்திருக்கிறார்கள். அதை எங்கள் வீட்டு அவர் எடுத்துக்கொண்டால் சம்மதம் என்று பொருள். கேசரி வந்த பிறகு எடுப்பார். இனிப்பைத் தின்றுவிட்டு எடுப்பதுதான் முறை. அதனால் ரவை சிவக்கக் கூடாது. அதனால் ரவை சீக்கிரம் வறுபடவும் கூடாது. நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று இந்தக் கரண்டிக்குத் தெரிந்தால் எனக்கும் சொல்லட்டும்.

"மதினி, காபி வருமா, இல்ல கொட்டை இப்பத்தான் செடியில காய்க்குதா?" முன்கட்டிலிருந்து கேட்கிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் இங்கிருந்தே சிரிக்கிறேன், கேட்கிற அளவுக்கு. "இன்னா வந்துட்டு மதினி." அவள் வேடிக்கையாகப் பேசக் கூடியவள். குழலுவைப் பெண் பார்க்க வந்த அன்றும் இப்படித்தான் பேசினாள். பெண்ணுக்குப் பாட்டுத் தெரியுமா என்று அவர்கள் பக்கத்தில் யாரோ கேட்க, "பாட்டு எதுக்கு, பேரே பாட்டுல்லா" என்றாள். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. இப்படிப் பேசுகிறவள் வீட்டில் என் பெண் சிரித்துக்கொண்டே இருப்பாள் என்று நினைத்தேன். குழலு முதல் தீபாவளிக்கு வந்தபோது முழங்கை மறைய ரவிக்கை போட்டிருந்தாள். அந்த வருஷம் ஐப்பசி முழுக்க மழையில்லை, புழுங்கித் தள்ளியது. கை வைத்த ரவிக்கை அந்தப் பக்கத்து மோஸ்தர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பக்கத்து வீட்டுக்காரி கேட்டபோது மோஸ்தர் என்று சொன்னேன். அதற்கப்புறம் அது மோஸ்தராகவே ஆகிவிட்டது. வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும், எதுவும் எழுந்து தன் காலில் நடக்கத் தொடங்கிவிடும். எண்ணெய் தேய்த்துக் குளிக்க வாட்டி என்று கூப்பிட்டபோது நானே தேச்சுக்கிடுதேம்மா என்று கதவைச் சாத்திக்கொண்டாள். கல்யாணமான பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு இப்போது எங்கே இருக்கும்? சிரித்த சிரிப்பெல்லாம் எங்காவது போய்ச் சேருமா, இல்லை இந்தச் சுவருக்குள்ளேயே சுண்ணாம்போடு சுண்ணாம்பாக அப்பிக் கிடக்குமா?

காலையில் வடிவுக்குத் தலை பின்னினேன். சங்கரவடிவு, இளையவள். கல்லூரியில் படிக்கிறாள். அக்காளைப் போல வளர்த்தி இல்லை, ஆனால் அதே முடி. பிடரியில் அதே சுழி. சீப்பு அந்தச் சுழியில் வந்து நிற்கும்போதெல்லாம் என் கைக்கு எந்தப் பிள்ளையின் தலை இது என்று ஒரு நிமிஷம் தெரியாமல் போகிறது. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "அம்மா, அக்காவுக்கு ஸ்டவ்தானே வெடிச்சுது?" எனக்குச் சீப்பு வழுக்கியது. "இப்ப என்னட்டி அந்தப் பேச்சு, நல்ல நாளும் அதுவுமா." "நீ சொல்லும்மா. வேற யாரு சொன்னாலும் எனக்கு வேண்டாம். நீ ஆமான்னு சொன்னா நான் போறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன்." தலையைத் திருப்பாமல் காத்திருந்தாள். நான் ரிப்பனைத் தேடினேன். ரிப்பன் என் தோளில்தான் கிடந்தது. அப்புறம் வாசலில் கார் வந்து நின்றது. கடவுள் அனுப்பிய கார் என்று நினைத்துக்கொண்டு எழுந்து ஓடினேன். அவள் இன்னும் உள்ளறையில் பூ வைத்துக்கொண்டு, பட்டுச்சேலையில், அந்தக் கேள்வியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஆமா என்ற ஒரு சொல். ஊர் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தரிடமும் சொன்னேன், பால்காரரிடம் சொன்னேன், கோயில் பிராகாரத்தில் முகம் தெரியாத ஒருத்தியிடம்கூடச் சொன்னேன். ஸ்டவ் வெடிச்சிட்டும்மா, பம்ப் ஸ்டவ், நாங்க சீர் குடுத்த ஸ்டவ்வுதான், நல்ல பித்தளை, என்ன செய்ய. அத்தனை பேரிடம் சொல்ல முடிந்தது, இந்தப் பிள்ளையிடம் மட்டும் ஏன் நாக்கு புரளவில்லை?

அவளே சொன்னாளே. குழலுவே தன் வாயால் சொன்னாளே. அதைவிடச் சாட்சி வேறு என்ன வேண்டும். ஆஸ்பத்திரியில் வாழையிலையில் கிடத்தியிருந்தார்கள். அன்றையிலிருந்து நான் வாழையிலையைத் தொடுவதில்லை. கழுவி நறுக்கப் பெரிய தொந்தரவு, எவர்சில்வர் தட்டுத்தான் சௌகரியம் என்று சொல்லிவிடுகிறேன். விசாரணைக்கு வந்த அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்படிம்மா ஆச்சு என்று கேட்டார். நல்ல மனுஷர், தணிந்த குரல். குழலு சொன்னாள்: "ஸ்டவ் வெடிச்சிட்டு." தெளிவாகச் சொன்னாள். எனக்கு அந்தக் குரல் அப்படியே காதில் இருக்கிறது, பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற குரல். அப்போது அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தாள். கால்மாட்டில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார், கையில் சீவின இளநீரோடு. புருஷனைத்தானே பார்ப்பாள், அதில் என்ன இருக்கிறது? அவர் என்னமாய் அழுதார், சட்டையெல்லாம் இளநீர் கொட்ட. எங்கள் வீட்டு அவர் இன்றைக்கும் அதைத்தான் சொல்லுவார், "நெல்லைநாயகம் தங்கமான பையன்ட்டி, ஆஸ்பத்திரியில அவன் அழுத அழுகைய நான் மறக்கமாட்டேன்." ஸ்டவ் எங்கே என்று அதிகாரி கேட்டாராம். சிதறிக் கரிக்கட்டையாப் போச்சு, ஓடையில அள்ளிப் போட்டாச்சு என்று சொன்னார்களாம். அவரும் எழுதிக்கொண்டாராம். மறுநாள் விடியக்காலம் அவள் கண்ணைத் திறந்து "வடிவு" என்றாள். நான் குனிந்தேன். "என்னம்மா, வடிவுக்கு என்ன?" மறுபடி "வடிவு" என்றாள். அவ்வளவுதான். அந்தச் சொல்லோடு நின்றுவிட்டாள். இலஞ்சி மதினிதான் கருமாதி வீட்டில் அதை முடித்துவைத்தாள்: "தங்கச்சியக் கட்டிக்கிடச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கா, மகராசி, போற நேரத்துலயும் புருஷன் சோத்துக்கு என்ன செய்வான்னு நினைச்சிருக்கா பாருங்க." எல்லாப் பெண்களும் அழுதார்கள். நானும் அதைக் கேட்டுத்தான் அழுதேன். அதற்கு முன் எனக்கு அழுகை வரவில்லை. அழுவதற்கு ஒரு கதை வேண்டியிருந்தது, அவள் கொடுத்தாள்.

தீ மறுபடி சிவக்கிறது. பர்னரைத் தட்டினேன். புசுபுசுவென்று கொஞ்சம் எழுந்து அடங்கியது. ரவையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீரை ஏற்றினேன், சர்க்கரையை எடுத்துவைத்தேன், முந்திரியைக் கிள்ளினேன். குழலுவுக்கு முந்திரி பிடிக்காது. பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைப்பாள். வடிவு அதை எடுத்துத் தின்பாள். இப்போது வடிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வேண்டுமா? அக்காளின் புருஷனை, அக்காளின் அடுக்களையை, அக்காளின் தட்டோரத்தை. எங்கள் வீட்டு அவர் முன்கட்டில் மெல்லிய குரலில் சொல்கிறார், "சீர் செனத்தி பத்திப் பேசிக்கிடலாம்." இலஞ்சி மதினி இடைமறிக்கிறாள். "ஐய, அண்ணாச்சி, என்ன பேசுதீய. புதுசா ஒண்ணும் வேண்டாம். குழலு சாமானே அப்படியே கிடக்குல்லா உங்க பரண்ல. ஒரு கரண்டி குறையாம நாங்கதான கொண்டாந்து போட்டோம். அதையே வடிவு கொண்டாரட்டும், போதும்." பிள்ளையில்லாமல் ஒரு பெண் செத்துப்போனால் கொடுத்த சீரைத் திருப்பிக் கொண்டுவந்து பெற்றவர்கள் வீட்டில் வைப்பது எங்களில் வழக்கம். சில வீடுகளில் பாதிதான் வரும். நல்ல அண்டாவுக்குப் பதில் ஓட்டை அண்டா வரும். இவர்கள் அப்படியில்லை. இலஞ்சி மதினி நின்று எண்ணி வண்டியில் ஏற்றினாளாம். "உங்க வீட்டுச் சாமான் ஒரு ஸ்பூன்கூட எங்க வீட்டுல நிக்கக் கூடாது மதினி, நாளைக்கு ஒரு சொல் வரக் கூடாது பாருங்க" என்று வாசலில் நின்று சொன்னாள். எல்லாம் சாக்கில் கட்டி வந்தது. நான் பிரிக்கவில்லை. பிரித்து என்ன பார்க்க; குடத்தில் அவள் பெயர், தவலையில் அவள் பெயர். அப்படியே பரணில் ஏற்றிவிடுங்கள் என்றேன். அவர் ஏணியில் நின்றார், நான் கீழிருந்து ஒவ்வொன்றாய் எடுத்துக் கொடுத்தேன். கடைசிச் சாக்கு சின்னது. அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். மூன்று கால்கள் உள்ளங்கையில் பட்டன. முக்காலி என்று நினைத்தேன், கோலப்பலகை வைக்க வாங்கின சின்ன முக்காலி. தூக்கித் தலைக்கு மேல் நீட்டும்போது உள்ளே ஏதோ தளும்பியது. களுக் என்று. செம்பில் தண்ணீர் மிச்சம் இருந்திருக்கும் என்று நினைத்தேன். மண்ணெண்ணெய் வாசம் வந்தது. வண்டிக்காரன் அரிக்கேன் விளக்கோடு சேர்த்து வைத்திருப்பான் என்று நினைத்தேன். மூன்றையும் ஒரு மூச்சில் நினைத்தேன். மேலே நிமிர்ந்து பார்த்தேன். அவர் சாக்கை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு, அசையாமல் நின்றார். அவருக்கும் களுக் என்று கேட்டிருக்கும். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. அவர் அதைப் பரணின் கோடியில், சுவரோரம் தள்ளி, முன்னால் அண்டாவை இழுத்து வைத்தார். அன்றைக்குப் பிறகு பூனை பரணில் நடந்தால்கூட எனக்குத் தளும்புகிற சத்தம் கேட்கிறது. மழைக்காலத்தில் கூரை சொட்டினால் கேட்கிறது. பூனை, கூரை, எலி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துத் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

தீ போய்விட்டது. பட்டென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், தண்ணீர் கொதிக்கத் தொடங்கின நேரம் பார்த்து. நான் திருகை அங்குமிங்கும் திருப்பினேன், சிலிண்டரைச் சாய்த்தேன். பக்கத்து வீடு காலையிலேயே பூட்டிவிட்டுச் சங்கரன்கோயில் போய்விட்டது. விறகடுப்பை எடுத்துக் கொல்லையில் போட்டு வருஷமாயிற்று, மழையில் கரைந்து மண்ணாகக் கிடக்கிறது. அப்பாடா என்று இருந்தது எனக்கு. கேசரி இல்லை. இனிப்பு இல்லாமல் தாம்பாளம் எடுக்க முடியாது. இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிடலாம். சகுனம் சரியில்லை என்று அவரிடம் சொல்லலாம். சகுனத்துக்கு அவர் கட்டுப்படுவார். அதற்குள் ஒரு நல்ல கதை தோன்றிவிட்டது பாருங்கள். வடிவிடம் ஆமா என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம், கேஸ் தீர்ந்துபோயிற்று என்று சொன்னால் போதும். "என்ன மதினி, சத்தத்தைக் காணோம்?" இலஞ்சி மதினி அடுக்களை வாசலுக்கே வந்துவிட்டாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு. "கேஸ் தீந்துட்டு மதினி. எதிர்பாக்கல. இன்னைக்குன்னு பாத்து." "இதுக்கா முகத்த இப்படி வச்சிருக்கீய. பரண்ல குழலு ஸ்டவ்வு கிடக்குல்லா, எடுத்துப் பத்த வைங்க. அது ஒரு நாளும் தகராறு பண்ணாதே, மூணு பம்பு அடிச்சா போதும், சீறிக்கிட்டு எரியும். நாங்க எண்ணெயைக்கூட கொட்டாம அப்படியேதான..."

அவள் பேச்சு நின்றது. வாய் மட்டும் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது. நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சிலிண்டரைப் பார்த்தாள், அப்புறம் சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். கொல்லையில் ஒரு காகம் கத்தியது. அப்புறம் அவள் முகத்தில் மறுபடி ரத்தம் ஓடியது, குரல் வந்தது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உயரத்தில். "அது வேற, மதினி. அந்த ஸ்டவ்வுதான் போயிட்டே. இது புதுசுல்லா. சாமான்ல ஒண்ணு குறையுதேன்னு நீங்க நினைக்கக் கூடாதுன்னு, இவன்தான் ஓடிப்போயி அதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சான். சொல்லக்கூட இல்ல உங்ககிட்ட. பெருமைக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்னு." என் நெஞ்சு அப்படியே அந்தப் பக்கம் சாய்ந்தது. எவ்வளவு நல்ல கதை. என்னால்கூட இவ்வளவு நன்றாகச் செய்திருக்க முடியாது. ஒரு வருஷமாக மூன்று கால்களுக்கும் ஒரு களுக்குக்கும் நான் தனித்தனியாகப் பெயர் தேடிக்கொண்டிருந்தேன். அவள் ஒரே போர்வையால் எல்லாவற்றையும் மூடிவிட்டாள். புது ஸ்டவ். குறை வைக்கக் கூடாதென்று மாப்பிள்ளை வாங்கிவைத்த புது ஸ்டவ். தங்கமான பையன். இதை நம்புவதற்கு எனக்குச் சிரமமே இல்லை, கையை நீட்டினால் போதும். "அப்படியா மதினி" என்றேன். என் குரல் எனக்கே இதமாக இருந்தது. "அப்ப அதையே எடுத்திருதேன்."

எங்கள் வீட்டு அவர் வந்துவிட்டார். எப்படிக் கேட்டாரோ. "வேண்டாம்ட்டி. நான் கடையில போயி கேசரி வாங்கியாரேன். இல்லேன்னா அல்வா. அல்வா வாங்கியாரேன்." "புது ஸ்டவ்வாம்லா" என்றேன், ஏணியைச் சாத்திக்கொண்டே. "மாப்பிள்ளை வாங்கி வச்சதாம். புதுசத் தொடச்சிப் பத்த வச்சா ஆச்சு." "நான் சொல்லுதேன் வேண்டாம்னு." அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இருபத்தைந்து வருஷத்தில் என் கையைத் தடுத்த ஆளில்லை. அவர் விரல்கள் ஏணிக்காலில் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தேன், அவருடைய கதையும் அந்தப் பரணில்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பாவம், அவர் என்னைவிட நன்றாக மூடிவைத்திருந்தார், அண்டாவை இழுத்து வைத்து. "விடுங்க" என்றேன். விட்டார். பரணில் முழங்காலிட்டுப் போக வேண்டும். தூசியும் எலிப்புழுக்கையும் பழைய பாய் வாசமும். அண்டாவை நகர்த்தும்போது அது கல்யாண வீட்டு அண்டாபோல முழங்கியது. சாக்கு சுவரோரம் உட்கார்ந்திருந்தது, வரச்சொல்லிவிட்டு நாம் மறந்துபோன ஆள் மாதிரி. தூக்கினேன். களுக். பூனை இல்லை, கூரை இல்லை. கயிற்றை அவிழ்க்க நகம் போதவில்லை, பல்லால் கடித்தேன். புதுசாக இருக்கும். புதுசாகத்தான் இருக்கும். சாக்கு வாயைத் திறந்தபோது வெளிச்சம் போதவில்லை, அதனால் கையால்தான் பார்த்தேன். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு நசுங்கல் உண்டா என்று விரல் போய்த் தேடியது. சீர் கொண்டுபோன அன்று பஸ்ஸின் மேலேயிருந்து இறக்கும்போது கைதவறி விழுந்து நசுங்கினது. கட்டைவிரல் உட்காருகிற அளவு குழி. நல்ல நாளில் விழுந்துவிட்டதே என்று நான் முகம் சுருங்க, குழலுதான், "எனக்கு ஒண்ணு இருக்க மாதிரி அதுக்கும் ஒரு கன்னக்குழி இருக்கட்டும்மா" என்று சிரித்தாள். அவளுக்கு ஒரு கன்னத்தில்தான் குழி விழும். என் கட்டைவிரல் அந்தக் குழியில் போய் உட்கார்ந்தது. அதற்கு மேலே எழுத்துகள், வெட்டின எழுத்துகள், அவள் பெயர், விரல் ஒவ்வொன்றாய் நடந்து போய்க் கடைசி எழுத்தில் நின்றது. வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. ஒரு விரிசல் இல்லை. ஒரு கரிப்பொட்டு இல்லை. துடைத்து வைத்திருந்தார்கள். நிறைவாக, கௌரவமாக, ஒரு சொல் வராதபடி.

ஸ்டவ்வோடு இறங்கினேன். அடுக்களையில் நிற்கவில்லை. தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தையும் தீப்பெட்டியையும் ரவைச் சட்டியையும் எடுத்துக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். தாம்பாளத்துக்குப் பக்கத்தில், தரையில், ஸ்டவ்வை வைத்தேன். "இங்கயே கிண்டிருதேன் மதினி, அடுக்களையில ஒரே புழுக்கம்." ஒரு வருஷம் கிடந்ததில் பம்பின் தோல் வாஷர் காய்ந்துபோயிருந்தது. பம்பை உருவி இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன், விரலால் நீவினேன், மறுபடி சொருகினேன். பர்னருக்கு அடியிலிருக்கிற சின்னக் குழிவில் தொட்டியிலிருந்தே கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றிக் குச்சியைக் கிழித்தேன். மஞ்சள் தீ பர்னரைச் சுற்றி ஏறியது. பர்னர் காய்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். அந்த நேரம் மிக நீளமானது. யாருக்கும் எழுந்து போகவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. மாப்பிள்ளை நாற்காலியில் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார், வேட்டியை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார், சின்னப் பிள்ளைகள் தண்ணீருக்குப் பயந்து சுருட்டிக்கொள்கிற மாதிரி. நான் முதன்முதலாக அவரை நிமிர்ந்து பார்த்தேன். முகம் வியர்த்திருந்தது. "மாமா, அதை அணைக்கச் சொல்லுங்க" என்றார். நான் அணைக்கவில்லை, தொட்டியின் காற்றுத் திருகை மூடினேன். பம்பு அடித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மதினி சொன்னது சரிதான், மூன்று போதும். சீறிக்கொண்டு நீலமாக எழுந்தது, ஒரே சீராக, சிவப்பே இல்லாமல். கேசரிக்கு ஏற்ற தீ.

"நல்லா எரியுது மதினி" என்றேன். "வாங்கின அன்னைக்கு எரிஞ்ச மாதிரியே எரியுது. பேருகூட அழியல பாருங்க." இலஞ்சி மதினி எழுந்து நின்றாள். "நாங்க கொண்டாந்து வச்சதுக்கு இப்படி ஒரு மரியாதையா?" என்றாள், ஆனால் குரலில் மேல் ஏறுகிற காற்று இல்லை. உள்ளறைக் கதவு திறந்தது. வடிவு வந்தாள், பட்டுச்சேலை சரசரக்க. ஸ்டவ்வின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள், எழுத்தைப் படித்தாள், நசுங்கலைப் பார்த்தாள். காலையில் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தாள். நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். ஒரே ஒரு தடவைதான் ஆட்டினேன். கழுத்தில் ஏதோ முறிகிற மாதிரி வலித்தது. எங்கள் வீட்டு அவர், இவ்வளவு நேரமும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர், குனிந்து, இரண்டு கையாலும் தாம்பாளத்தை எடுத்தார். எடுத்து அவர்கள் பக்கமாக நீட்டினார். "கொண்டு போங்க" என்றார். "ஒரு வெத்தலை குறையாம இருக்கு. எண்ணிப் பாத்துக்கிடுங்க."

போய்விட்டார்கள். கார் கிளம்பின சத்தம்கூடக் கேட்கவில்லை, ஸ்டவ்வின் இரைச்சலில். அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறோம், குளிர் காய்கிறவர்கள்போல. என் மனம் பழக்கத்தில் எழுந்து போய் எதையாவது எடுத்து மூடலாமா என்று தேடுகிறது. பழைய இடங்களையெல்லாம் தட்டிப் பார்க்கிறது. விதி என்று தட்டிப் பார்த்தேன். மோஸ்தர் என்று தட்டிப் பார்த்தேன். புருஷனைத்தானே பார்ப்பாள் என்று தட்டிப் பார்த்தேன். ஒன்றும் திறக்கவில்லை. திறப்பது வேறொன்று. தீபாவளி முடிந்து அவளைப் பஸ் ஏற்றிவிடப் போன அன்று. ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுக் கீழே நின்றேன். பஸ் உறுமத் தொடங்கியதும் அவள் தடதடவென்று இறங்கி ஓடிவந்தாள். "அம்மா, குடையை மறந்துட்டேம்மா. வீட்டுக்குப் போயி எடுத்துக்கிட்டு நாளைக்குப் போறேனே." "அப்பாகிட்ட குடுத்து விடுதேன், ஏறு, வண்டி கிளம்புது" என்று முதுகில் கைகொடுத்து ஏற்றினேன். மறதிக்காரப் பிள்ளை என்று அதையும் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன், துக்கம் கேட்க வந்தவர்களிடம்கூட, சிரித்தும் அழுதும். எத்தனை தரம் சொல்லியிருப்பேன், ஒரு தரமாவது இதைச் சொன்னேனா? அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தபோது குடை அவள் கையில்தான் இருந்தது. நான் பார்த்தேன்.